வடக்கு நோக்கி ஓடும் லீனா

சைபீரியாவின் லீனா ஆறு பைக்கால் ஏரிக்கு மேற்கே, சில கிலோமீட்டர் தள்ளி, மலையில் பிறக்கிறது. ஆனாலும் அந்த ஏரியில் சேராமல் வடக்கே திரும்பி, ஏறத்தாழ 4,300 கிலோமீட்டர் ஓடி ஆர்க்டிக்கின் லாப்டெவ் கடலில் கலக்கிறது. அதன் குணத்தைத் தீர்மானிப்பது இந்தத் திசைதான்.

தெற்கே பிறந்த ஆறு தெற்கேதான் முதலில் உருகும். மே மாதத்தில் மேல்பகுதியில் பனி உடைந்து வெள்ளம் கிளம்பும்போது, வடக்கே ஆறு இன்னும் இறுகிக் கிடக்கும். கழிமுகத்தில் பனி உடைய ஜூன் ஆகிவிடும். வெள்ளம் அடித்துவரும் பனிப்பாளங்கள் வளைவுகளிலும் தீவுகளிலும் சிக்கி, ஒன்றன்மேல் ஒன்றேறி அணையாகிவிடும். போக்கிடம் இல்லாத தண்ணீர் ஊருக்குள் புகும். 2001 மே மாதம் லென்ஸ்க் நகரம் அப்படித்தான் மூழ்கியது. பனி அணையை உடைக்கப் போர்விமானங்கள் குண்டு வீச வேண்டியிருந்தது. ஓர் ஆண்டில் லீனா கடலுக்குக் கொடுக்கும் நீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஜூன் மாதம் மட்டுமே போய்ச் சேருகிறது.

பனி உருகிய நீர் மண்ணுக்குள் இறங்கலாமே என்றால், மண்ணே உறைந்து கிடக்கிறது. லீனாவின் கரையிலுள்ள யாகுட்ஸ்க் நகரில் ஷெர்கின் என்ற வணிகர் 1828இல் கிணறு தோண்டத் தொடங்கினார். 1837இல் 116 மீட்டர் ஆழத்தில் வேலை நின்றது. அங்கும் உறைந்த மண்தான். தண்ணீர் தராத அந்தக் குழியில் 1840களில் மிட்டென்டார்ஃப் என்ற அறிவியலாளர் ஆழம் ஆழமாக வெப்பநிலை அளந்தார். உறைநில ஆய்வு வேர்பிடித்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு. வற்றாத பல கிணறுகளைவிட அந்தக் கிணறு மனிதர்களுக்கு அதிகம் பயன்பட்டது என்றே நினைக்கிறேன்.

யாகுட்ஸ்கில் இன்று அடுக்குமாடிகள் உறைந்த மண்ணில் இறக்கிய தூண்கள்மேல் தரைக்கு எட்டாமல் நிற்கின்றன. வீட்டின் சூடு மண்ணை இளக்கினால் கட்டடம் சாய்ந்துவிடும். தெற்கிலிருந்து வரும் ரயில்பாதை எதிர்க்கரையில் நிஸ்னி பெஸ்டியாக்கோடு முடிந்துவிடுகிறது. நகரத்துக்கு அருகே ஆற்றைக் கடக்கப் பாலம் இப்போதுதான் எழும்புகிறது. கோடையில் படகு, குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின்மேலேயே லாரிகள் ஓடும் சாலை. பனி இறுகும் வாரங்களிலும் உடையும் வாரங்களிலும் இரண்டும் உதவாது. விமானமோ ஹோவர்கிராஃப்டோதான் வழி.

கடலருகே லீனா எண்ணற்ற கிளைகளாகப் பிரிந்து, ஏறக்குறைய 30,000 சதுர கிலோமீட்டர் கழிமுகமாக விரிகிறது. குறுகிய கோடையில் நீர்ப்பறவைகள் கூட்டங்கூட்டமாக வந்து குஞ்சு பொரிக்கும் இடம் அது. அங்குள்ள சமோய்லவ் தீவில் 1998 முதல் ஆய்வாளர்கள் மண்ணின் வெப்பத்தை அளந்துவருகிறார்கள். அது ஏறிக்கொண்டே இருக்கிறது. இளகும் கரைகள் ஆற்றில் சரிகின்றன. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மக்காமல் உறைந்திருந்த தாவர எச்சங்களும் அவற்றோடு சேர்ந்து வெளிவருகின்றன.