காமிராவுக்குக் கண் உண்டு, ஞாபகம் உண்டா?

சென்ற வாரம் கோச்சடையிலிருந்து கனவான்கள் நால்வர் நமது காரியாலயத்துக்கு வந்திருந்தனர். தங்கள் தெருக்களில் வீட்டுக்கு வீடு பணம் திரட்டிப் பதினாறு காமிராக்கள் பொருத்தப் போவதாகவும், திறப்பு விழாவுக்குப் போலீஸ் அதிகாரி ஒருவர் வர இசைந்திருப்பதாகவும், அவ்வைபவத்தில் நாமும் நாலு வார்த்தை பேச வேண்டுமென்றும் கேட்டுக்கொண்டனர். நாம் மகிழ்ச்சியோடு இசைந்து, ஒரேயொரு கேள்வி கேட்டோம்: "அந்தக் காமிராக்கள் காண்பது எத்தனை நாள் நிலைத்திருக்கும்?" நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர். கம்பெனிக்காரன் கொடுத்த விலைப்பட்டியலில் காமிராவின் விலை இருந்தது; கம்பத்தின் விலை இருந்தது; கம்பியின் விலையும் இருந்தது. இக்கேள்விக்கு விடை மட்டும் இல்லை.

கோச்சடைக்குக் காவல் என்பது புதிய விஷயமன்று. குதிரை வாகனத்தோடு அய்யனாரும் முத்தையா சுவாமியும் அவ்வூரைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவருகிறார்கள் என்பது அங்குள்ளோர் நம்பிக்கை. ஆனால் தெய்வத்திடம் யாரும், "முந்தாநாள் இரவு நடந்ததை எனக்குக் காட்டு" என்று கேட்பதில்லை. யந்திரத்திடம் அதைத்தான் கேட்கிறோம். அதற்காகத்தான் பணம் கொடுக்கிறோம்.

காமிரா வெறும் கண். அது கண்டதை ஞாபகத்தில் வைப்பது வேறொரு பெட்டி. முன்பு காமிராவிலிருந்து தடித்த கம்பி வழியாக வரும் படத்தை டிஜிட்டல் வீடியோ ரிக்கார்டர் என்ற பெட்டி எண்களாக மாற்றிச் சேமித்தது. இப்போது பெரிய அமைப்புகளில் காமிராவே படத்தை எண்களாக்கிச் சுருக்கி, கம்ப்யூட்டர் வலையின் வழியே அனுப்பிவிடுகிறது. காமிராவுக்கு வேண்டிய மின்சாரமும் பெரும்பாலும் அதே கம்பியில் போகிறது. இவ்வாறு வருவதை வாங்கிப் பதிவு செய்வதே நெட்வொர்க் வீடியோ ரிக்கார்டர். ரயில் நிலையம், விமான நிலையம் போன்ற இடங்களில் நூற்றுக்கணக்கான காமிராக்களுக்கு இத்தகைய பெட்டிகள் பல இருக்கும். ஒரு ஹார்ட் டிஸ்க் கெட்டாலும் பதிவு கெடாதபடி உபரி டிஸ்க்குகளும் இருக்கும்.

எவ்வளவு பெரிய பெட்டியானாலும் அதற்கு ஓர் எல்லை உண்டு. டிஸ்க் நிறைந்துவிட்டால் பழையதை அழித்து அதன் மேலேயே புதியதை எழுதும். பள்ளிப் பிள்ளையின் சிலேட்டைப் போன்றது அது. கணக்கு எளிது. தெளிவான படம் தரும் காமிரா ஒன்று விநாடிக்கு 4 மெகாபிட் வீதம் அனுப்புகிறது என்று கொள்வோம். ஒரு நாளைக்குச் சுமார் 43 ஜிகாபைட் ஆகிறது. பதினாறு காமிராக்களுக்கு ஏறத்தாழ 690. நான்கு டெராபைட் டிஸ்க் ஒன்றை மாட்டினால் ஆறு நாள் கூடத் தாங்காது. ஒரு மாதம் வைத்திருக்க 21 டெராபைட்டும், ஓர் ஆண்டுக்கு 250 டெராபைட்டுக்கு மேலும் வேண்டும். புதிய சுருக்க முறைகளால் இதைப் பாதியாக்கலாம், பூஜ்யமாக்க முடியாது.

நமக்கு அறிமுகமான முதியவர் ஒருவரை அந்தி வேளையில் ஒரு வாகனம் தள்ளிவிட்டு ஓடிற்று. கால் முறிந்து கிடந்தவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து, வைத்தியம் பார்த்து, பன்னிரண்டாம் நாள் அவர் மகன் எதிர்க்கடைக்குப் போய்ப் பதிவைக் கேட்டான். கடைக்காரர் நல்லவர், பெட்டியைத் திறந்து காட்டினார். அதில் ஏழு நாள் இருந்தது. வண்டியின் இலக்கம் கிட்டவில்லை.

இது சாதாரணத் துரதிர்ஷ்டம். யார் மீதும் குற்றமில்லை. ஆனால் 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதம் சாத்தான்குளம் போலீஸ் ஸ்டேஷனில் நடந்தது துரதிர்ஷ்டமன்று. ஊரடங்கு காலத்தில் அந்நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட தந்தையும் மகனும் சில நாட்களுக்குள் அடுத்தடுத்து மாண்டார்கள். ஹைக்கோர்ட்டின் மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. விசாரணைக்குச் சென்ற கோவில்பட்டி மாஜிஸ்திரேட் அங்கே கண்டது என்ன? காமிரா இருந்தது. ரிக்கார்டரும் இருந்தது. அதன் டிஸ்க்கில் ஒரு டெராபைட் இடமும் இருந்தது. ஆயினும் அன்றன்றைய பதிவு அன்றன்றே தானாக அழியும்படி அமைத்து வைத்திருந்தார்கள். வேண்டிய இரவின் படம் இல்லை. மாஜிஸ்திரேட்டுக்கு நேர்ந்த அவமதிப்பைக் கேட்ட ஹைக்கோர்ட், அந்தப் போலீஸ் ஸ்டேஷனையே ரெவின்யூ அதிகாரிகள் வசம் ஒப்படைக்கச் சொல்லிற்று. உண்மையைச் சொன்னது யந்திரமன்று. அங்கே பணியிலிருந்த பெண் காவலர் ஒருவரின் வாக்குமூலம். அவருடைய துணிச்சல் இல்லாதிருந்தால் அந்த இரவு என்ன ஆகியிருக்கும் என்று வாசகர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

மேலே சொன்ன கணக்குப்படி, ஒரு டெராபைட் டிஸ்க்கில் ஒரு காமிராவின் பதிவு சுமார் இருபத்துமூன்று நாள் நிற்கும். நான்கு காமிராக்களானாலும் ஐந்து நாளைக்குக் குறையாது. ஆகவே அங்கே குறைந்தது டிஸ்க்கின் இடம் அன்று.

அதே ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் இவ்விஷயத்தில் விரிவான தீர்ப்பு வழங்கியது. ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷனிலும் வாயில், லாக்கப், வராந்தா, இன்ஸ்பெக்டர் அறை முதலிய எவ்விடமும் விடாமல் காமிரா வேண்டும். இருளிலும் காண வேண்டும். ஒலியையும் பதிய வேண்டும். பதிவு 18 மாதம் இருக்க வேண்டும். அதற்கேற்ற சாதனம் கடையில் கிட்டாவிட்டால் எவ்வளவு கூடுமோ அவ்வளவு, ஆனால் ஓராண்டுக்குக் குறையலாகாது என்றெல்லாம் கட்டளையிட்டது. எல்லாவற்றிலும் முக்கியமானது பதிவைச் சேமிப்பதே என்று கோர்ட்டாரே கூறியிருப்பதை நாம் அடிக்கோடிட்டுக் காட்ட விரும்புகிறோம். ஐந்தாண்டு கழிந்தது. 2025 செப்டம்பரில், ராஜஸ்தானத்தில் எட்டு மாதத்துக்குள் பதினோரு பேர் போலீஸ் காவலில் மாண்டனர் என்ற பத்திரிகைச் செய்தியைக் கண்டு, போலீஸ் ஸ்டேஷன் காமிராக்கள் வேலை செய்கின்றனவா என்று அதே கோர்ட் மறுபடியும் தானாக விசாரிக்க வேண்டியதாயிற்று!

நம் பக்கத்திலும் அதே ஆண்டு ஜூன் மாதம் மடப்புரத்தில், கோவில் காவலாளியான இளைஞர் ஒருவர் விசாரணை என்ற பெயரால் அடித்துக் கொல்லப்பட்டார். அங்கே அடி விழுந்ததை உலகுக்குக் காட்டியது ஒருவர் மறைவிலிருந்து தம் கைப்பேசியில் எடுத்த படம். தெருவில் பிரஜையைப் பார்க்கும் காமிராவுக்கு நல்ல ஞாபகம் வேண்டுமென்று சர்க்கார் விரும்புகிறது. சர்க்காரைப் பார்க்கும் காமிராவுக்கு மட்டும் ஏன் இத்தனை மறதி?

பதிவு இல்லையென்றால் கோர்ட்டில் என்ன ஆகும் என்று கேட்கலாம். காசியில் ஒரு ஹோட்டலில் தங்கள் தோழனைக் கொன்றதாகத் தண்டனை பெற்ற இரண்டு இத்தாலியர்களை 2015-இல் சுப்ரீம் கோர்ட் விடுதலை செய்தது. அந்த ஹோட்டலில் காமிராக்கள் இருந்தன. மிகச் சிறந்த சாட்சியமாகிய அவற்றின் பதிவைப் பிராசிகியூஷன் தாக்கல் செய்யவில்லை. செய்யாததனாலேயே அது தங்களுக்குப் பாதகமாயிருந்திருக்கும் என்று ஊகிக்க இடமுண்டு என்றனர் நீதிபதிகள். 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த பாரதீய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவின்படி, பதிவைத் தாக்கல் செய்பவர் அத்தாட்சிப் பத்திரமும் கொடுக்க வேண்டும். அதில் அப்பதிவுக்குரிய 'ஹாஷ்' எண்ணைக் குறிக்க வேண்டும். ஒரு நொடிப் படத்தை மாற்றினாலும் அந்த எண் மாறிவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நமது அனுபவத்தில், பெட்டியின் கடிகாரமே இருபது நிமிஷம் தப்பாக ஓடுவதைக் கண்டிருக்கிறோம். குறுக்கு விசாரணையில் அதைக் கிளப்பாத வக்கீல் உண்டோ?

பெட்டியைத் திறக்கும் கடவுச்சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொழிற்சாலையில் வைத்த சொல்லையே மாற்றாமல் விடுவது நம்மவர் வழக்கம். 2016-இல் 'மிராய்' என்ற கள்ள நிரல் இத்தகைய காமிராக்களையும் ரிக்கார்டர்களையும் உலகெங்கும் லட்சக்கணக்கில் கைப்பற்றி, அக்டோபர் 21-ஆம் தேதி அமெரிக்காவில் பெரிய இன்டர்நெட் சேவைகளையே முடக்கிற்று. இந்தியாவில் விற்கும் காமிராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. சுதேசிச் சாமான் வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயமில்லை. ஆயினும் சுதேசிப் பெட்டிக்கும் '12345' என்று பூட்டுப் போட்டால் திருடனுக்கு அது சுதேசியா விதேசியா என்ற பேதமில்லை.

எல்லாவற்றையும் என்றென்றைக்கும் வைத்திருக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. பெண்டு பிள்ளைகள் நடமாடும் தெருவின் படத்தை ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைப்பது, 2017-இல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் அடிப்படை உரிமையென நிலைநாட்டிய அந்தரங்கத்துக்கு ஊறு செய்யும். தெருவுக்கு ஒரு மாதம் போதும். புகார் வந்தால் அந்தப் பகுதியை மட்டும் தனியே பிரதி எடுத்து முத்திரையிடலாம். லாக்கப்புக்கு 18 மாதம் வேண்டும். அந்த டிஸ்க்கின் சாவி அந்த ஸ்டேஷனில் இருக்கக் கூடாது. அழிக்கும் அதிகாரம் யாருக்கு, எத்தனை நாளுக்கு ஒருமுறை அழிகிறது என்பதை வாயிலில் எழுதி ஒட்டுவதற்குச் சர்க்காருக்குச் செலவு ஒரு தாள்தான்.

கோச்சடைக் கனவான்கள் நேற்று மறுபடி வந்தனர். கம்பெனிக்காரனைக் கேட்டதில் நான்கு டெராபைட் டிஸ்க் என்று சொன்னானாம். கணக்கைப் போட்டுக் காட்டியதும், இரண்டு காமிராவைக் குறைத்துக்கொண்டு பெரிய டிஸ்க்குகளுக்கு விலை கேட்டிருக்கிறார்கள். பெட்டியை யார் வீட்டில் வைப்பது என்பதில் இன்னும் தகராறு தீரவில்லை. திறப்பு விழா இரண்டு வாரம் தள்ளிப் போயிருக்கிறது.