பதிவேட்டுப் புராணம் – 14: ஓரத்தில் ஒரு ழ

போன வாரம் 1969-ஆம் வருடப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தையும் பதிவுக்கான 21 நாள் கெடுவையும் பார்த்தோம். விட்டுப்போனவர்கள் பக்கத்து வீட்டில் பழைய இதழ் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வாரம் இறப்புப் பதிவு என்று எழுதியிருந்தேன். அதற்குள் மைசூரிலிருந்து தங்கை மகன் போன் செய்துவிட்டான்.

அவனுக்கு வேலை ஹெப்பாள் தொழிற்பேட்டையில். இன்ஃபோசிஸ் வளாகம் இருக்கிற மைசூர் ஹெப்பாள். பெங்களூரு மேம்பாலத்து ஹெப்பாள் வேறு (அதுவும் வரும்). 2024-இல் பெண் பிறந்தாள். பெயரை இங்கே போடப்போவதில்லை. அதில் ஒரு ழ இருக்கிறது, அது தெரிந்தால் போதும்.

"மாமா, நாங்க சரியாத்தான் எழுதிக் கொடுத்தோம். சர்ட்டிபிகேட்ல வேற மாதிரி வந்திருக்கு."

வாட்ஸப்பில் பிறப்புச் சான்றிதழின் படம் வந்தது. கன்னடத்தில் ழ இருக்கவேண்டிய இடத்தில் ள. கீழே ஆங்கிலத்தில் ஒற்றை 'எல்'. வீட்டில் ஆசையாய் வைத்த பெயர், காகிதத்தில் யாரோ ஒரு குழந்தையின் பெயராக இருந்தது. பாதி நாள் லீவு போட்டுவிட்டுப் போய்க் கேட்டிருக்கிறான். கவுண்டரில் இருந்த அம்மா பொறுமையாகச் சொன்னாராம்: "தப்பேனில்லா, நம்மல்லி ஆ அக்ஷரவே இல்லா."

தப்பே இல்லை, எங்களிடம் அந்த எழுத்தே கிடையாது. நியாயம்தானே? ஆனால் ஒரு காலத்தில் இருந்தது என்பதுதான் இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத சங்கதி.

பழைய கன்னடத்தில் நம் ழகரம் தனி எழுத்தாகவே இருந்தது. பிறகு மெல்ல வழக்கொழிந்தது. ஊரைக் காக்கப் போரிட்டுச் செத்தவனுக்கு வைத்த பழைய கன்னட நடுகற்களில் 'ஊரழிவு' என்றே சொல் வருகிறது, நம் ழ-வோடு. பெங்களூரு ஹெப்பாளில் 2018-இல் மண்ணைத் தோண்டியபோது அப்படி ஒரு கல் கிடைத்தது. கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் காலம், சுமார் கி.பி. 750. கிட்டய்யா என்பவன் சண்டையில் இறந்ததைச் சொல்லும் கல். அதில் ஊரின் பெயர் பெர்பொளல். நம் 'பெரு'தான் அங்கே 'ஹெ' ஆகிவிட்டது. பால் ஹாலுவாகவும் பாம்பு ஹாவுவாகவும் ஆன மாதிரி. இறந்தவர் பெயர், இறந்த காரணம், அப்போது ஆண்டவர் யார்: மூன்றும் இருக்கிறது. சான்றிதழுக்கு இதைவிட என்ன வேண்டும்? என் தங்கை பேத்தி எட்டாம் நூற்றாண்டில் பிறந்திருந்தால் அவள் ழ தப்பியிருக்கும்.

கல்லில் ஒரே ஒரு குறை, திருத்த இடமில்லை. சட்டம் அதற்கு இடம் விட்டிருக்கிறது. 15-ஆம் பிரிவு: பதிவில் பிழை இருந்தால் மூலப் பதிவைத் தொடாமல் ஓரத்தில் திருத்தம் எழுதிப் பதிவாளர் கையெழுத்தும் தேதியும் போடவேண்டும். அழிக்கக் கூடாது, அடிக்கக் கூடாது. வரிக்கு வரி உயிரை வாங்கும் சட்டங்களுக்கு நடுவே எனக்குப் பிடித்த பிரிவு இது. சிக்கல், எது பிழை என்பதில். பெற்றவர்கள் திருத்தம் என்கிறார்கள். கவுண்டரில் அதையே பெயர் மாற்றம் என்கிறார்கள். பெயர் மாற்றத்துக்குச் சட்டத்தில் கதவு கிடையாது.

இதே கதவில் முட்டிக்கொண்டு கர்நாடக உயர்நீதிமன்றத்துக்கு இரண்டு வழக்குகள் போயின. ஒன்று மங்களூரைச் சேர்ந்த ஒரு திருநங்கையுடையது. 2024 டிசம்பரில் நீதிமன்றம், சட்டம் திருத்தப்படும்வரை பழைய பெயர், புதுப்பெயர் இரண்டையும் போட்டுச் சான்றிதழ் கொடுங்கள் என்றது. அடுத்தது, ஜாதகப்படி பெயர் சரியில்லை என்று பிள்ளையின் பெயரை மாற்றக் கேட்ட உடுப்பிப் பெற்றோர். 2025 தொடக்கத்தில் அதற்கும் வழி சொன்னது: பெற்றோர் உறுதிமொழி கொடுக்கட்டும், மாற்றிய விஷயத்தைக் குறிப்பாகப் பதியுங்கள். ஆகக்கூடி இரண்டு தீர்ப்பும் வந்து சேர்ந்தது அந்த ஓரத்துக்குத்தான்.

பெயர் மாற்றத்துக்கு வழி செய்யுங்கள் என்று கர்நாடகச் சட்ட ஆணையம் 2013-லேயே அறிக்கை கொடுத்துவிட்டது. அது தூங்கியது. 2021-இல் இந்தியத் தலைமைப் பதிவாளர் திருத்த வரைவை வெளியிட்டு டிசம்பர் 2 வரை பொதுமக்கள் கருத்தைக் கேட்டார். பேச்செல்லாம் பிறப்பு, இறப்புப் பதிவுகளைத் திரட்டும் தேசியத் தரவுத்தளத்தைச் சுற்றியே ஓடியது. கவலைப்பட வேண்டிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் கவுண்டரில் நிற்கிறவனின் கஷ்டம் ஒரு எழுத்து. 2023-இல் சட்டம் திருத்தப்பட்டது; 50 ரூபாய் அபராதம் 250 ஆனது; பெயர் மாற்றத்துக்கு மட்டும் வழி பிறக்கவில்லை. நான் கருத்து அனுப்பினேனா என்று கேட்காதீர்கள். இல்லை. கெடு முடிந்த பிறகுதான் படித்தேன்.

2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேரவும் ஓட்டுநர் உரிமம் எடுக்கவும் அரசு வேலைக்கும் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ் ஒன்றே ஆதாரம். அதனால் தங்கை மகன் விடவில்லை, மூன்று தடவை போனான். கடைசியில் ஆங்கில எழுத்துக்கூட்டல் சரியானது. கன்னடத்தில் ள அப்படியே இருக்கிறது.

இறப்புப் பதிவையும், ஒரு வருடம் தாண்டிய பதிவுகள் மாஜிஸ்திரேட்டிடமிருந்து கலெக்டர் கைக்குப் போன கதையையும் அடுத்த வாரம் கட்டாயம் எழுதுகிறேன். அதற்குள் பீரோவைத் திறந்து உங்கள் பிள்ளைகளின் சான்றிதழை எழுத்துக்கூட்டிப் படித்துவிடுங்கள். பெயரே எழுதாமல் விட்டிருந்தால், பதிவு செய்த நாளிலிருந்து 15 வருடத்துக்குள் தாமதக் கட்டணம் கட்டிச் சேர்த்துக்கொள்ளலாம்.