வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை

நோயோடு வாழ்தல் – 9

முடக்குவாதம் எனப்படும் ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் வந்தவர்களின் மருந்துச் சீட்டில் பெரும்பாலும் இரண்டு பெயர்கள் இருக்கும்: மெத்தோட்ரெக்ஸேட், ஃபோலிக் ஆசிட். இரண்டுமே ஒருவர் தலைமையிலான ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தவை. அவர் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் அங்கியோடு அறுவை அரங்குக்குப் போனவர். ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். 1940களில் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் அவருடைய குழு முதலில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அடுத்து, அதன் வேலையைத் தடுக்கும் மருந்துகளை உருவாக்கியது. அவை முதலில் இரத்தப் புற்றுநோய்க்குப் பயன்பட்டன. சுப்பாராவ் 1948இல் இறந்துவிட்டார். அந்த மருந்து வரிசையில் வந்த மெத்தோட்ரெக்ஸேட்டை முடக்குவாதத்துக்குக் கொடுக்க அமெரிக்க அரசு அனுமதித்தது 1988இல்தான். இன்று உலகம் முழுக்க இந்த நோய்க்கு முதலில் எழுதப்படும் மருந்து அதுதான். விலையும் குறைவு.

மருந்து இருக்கிறது. அதைச் சுற்றி இருக்க வேண்டிய கவனிப்புதான் நம் நோயாளிகளுக்குக் கிடைப்பதில்லை.

காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காது. குழாயைத் திருக முடியாது, சேலைக்குப் பின் குத்த முடியாது, பால் பாக்கெட்டின் மூலையைப் பல்லால்தான் கிழிக்க வேண்டியிருக்கும். ஒரு மணி நேரமோ இன்னும் அதிகமோ ஆன பிறகுதான் கை மெல்ல இளகும். வயதானால் வரும் மூட்டுத் தேய்மானத்தில் இந்த இறுக்கம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். முடக்குவாதத்தில் இரண்டு கைகளிலும் விரல் கணுக்களும் மணிக்கட்டும் சேர்ந்தே வீங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. “எந்நேரமும் தண்ணியிலேயே நிக்கிறே, அதான்” என்று வீட்டில் ஒரு சமாதானம் சொல்வார்கள். மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே மாதங்கள் போய்விடும்.

அந்த மாதங்கள்தான் விலைமதிப்பற்றவை. உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டின் உள்ளுறையைத் தாக்க, வீங்கிய உறை எலும்பை அரிக்கிறது. அரித்த எலும்பு பழையபடி வளராது. வலி மாத்திரை வலியை அடக்கும், அரிப்பை நிறுத்தாது. ‘ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ், ஒன்றுமில்லை’ என்று யாராவது அனுப்பிவிட்டாலும் நம்பி இருந்துவிடக் கூடாது. இந்த நோய் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது அந்தப் பரிசோதனை நெகட்டிவாகத்தான் வரும். ஆறு வாரமாகியும் வீக்கம் வடியவில்லை என்றால் மூட்டுவாத நிபுணரை, அதாவது ருமட்டாலஜிஸ்ட்டைப் பார்த்தே ஆக வேண்டும். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் ஆகியவற்றில் இதற்கெனத் தனித்துறைகள் உண்டு.

இனி, அந்த மாத்திரை. மெத்தோட்ரெக்ஸேட்டை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் வாய் புண்ணாகும், இரத்த அணுக்கள் சரியும், உயிரே போகலாம். உலகெங்கும் இப்படி இறந்தவர்கள் இருக்கிறார்கள். நம்மிடம் இன்னொரு சிக்கலும் உண்டு: இதுவும் ஃபோலிக் ஆசிட்டும் பல நேரம் ஒன்றுபோலவே சின்ன மஞ்சள் மாத்திரைகளாக இருக்கும். சீட்டு ஆங்கிலத்தில், அதுவும் சுருக்கெழுத்தில் இருக்கும். ‘ஞாயிறு மட்டும்’ என்று அட்டையின் மேல் தமிழில் எழுதிக் கொடுக்க மருந்தாளுநருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. எழுதித் தரவில்லையா, கேட்டு வாங்குங்கள்.

மாத்திரை முழுதாக வேலை செய்ய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். இதை யாரும் சொல்லாததால்தான் பலர் மூன்றாவது வாரத்திலேயே நிறுத்திவிட்டு, பெயர் ஒட்டாத பொடியைத் தேடிப் போகிறார்கள். அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பரிசோதனைகளில் தெரியவந்திருக்கிறது. தொடக்கத்தில் சில வாரங்களுக்கு ஒருமுறையும், பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் இரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றுக்கான பரிசோதனை வேண்டும். சிறுநீர்த் தொற்றுக்கு வேறொரு மருத்துவரிடம் போனாலும் மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுவதைச் சொல்லிவிட வேண்டும். அந்தத் தொற்றுக்குத் தரப்படும் கோ-ட்ரைமாக்ஸசோல் இதோடு சேர்ந்தால் ஆபத்து.

பிள்ளை பெறும் வயதுப் பெண்களிடம் பேச வேண்டியது தனியாக இருக்கிறது. இந்த மருந்து கருவைப் பாதிக்கும். கருத்தரிக்கத் திட்டமிட்டால் முன்கூட்டியே நிறுத்தி, வேறு பாதுகாப்பான மருந்துக்கு மாற வேண்டும். புறநோயாளிப் பிரிவின் நெரிசலில், மாமியார் பக்கத்தில் நிற்க, இந்தப் பேச்சு நடப்பதே இல்லை. புதிதாகக் கல்யாணமான பெண்ணிடம் இதைத் தனியே அழைத்துப் பேச ஒரு செவிலியராவது வேண்டும் என்பேன்.

மெத்தோட்ரெக்ஸேட்டில் நோய் கட்டுப்படாதவர்களுக்கு உயிரியல் மருந்துகள் உண்டு. அவற்றில் ஒன்றான அடாலிமுமாபின் உள்நாட்டு நகல் 2014 முதல் இங்கே கிடைக்கிறது. அதுவும் ஏழைக்கு எட்டும் விலை இல்லை. அதைப் போடுமுன் உறங்கும் காசநோய் இருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும். நம் ஊரில் இந்தப் பரிசோதனைக்கு விலக்கே கிடையாது.

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதல் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது. இயன்முறை சிகிச்சையும் அதில் உண்டு. கை மடங்காத பெண் பேருந்துக் கம்பியைப் பிடித்து மாவட்டத் தலைநகருக்குப் போய்வருவது, வெறும் இரத்தப் பரிசோதனைக்காக என்றால், அதை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்துவிடலாம். முடிவைப் பார்த்து மாத்திரையைத் தொடரலாமா என்று சொல்ல நிபுணர் தொலைபேசியில் இருந்தால் போதும். இந்த நோயாளிகளின் பெயரையும் அந்தத் திட்டத்தின் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

(தொடரும்)