பந்து சோறு போடுமா?

கோத்தகிரியிலிருந்து வருகிற பாதை ஊட்டிக்கும் குன்னூருக்குமாகப் பிரிகிற இடத்தில் இருக்கிறது கட்டபெட்டு. சுற்றிலும் தேயிலைச் சரிவுகள். இடையிடையே படுகர் இன மக்களின் ஊர்கள். மாலை நாலு மணிக்கே மூடுபனி இறங்கிவிடும். அங்கே ஒரு தேநீர்க் கடை வாசலில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். என் காலடியில் ஒரு கால்பந்து உருண்டு வந்து நின்றது. பின்னாலேயே மூச்சிரைக்க ஓடி வந்தாள் ஒரு பெண்.

"மன்னிச்சுக்குங்க அக்கா! இதை விட்டிருந்தால் பள்ளத்தாக்கில் போய்த்தான் எடுக்கணும்" என்றாள் சிரித்துக்கொண்டே.

ஊட்டியில் கல்லூரியில் படிக்கிறாளாம். கல்லூரிக் கோஷ்டியில் நடுக்கள ஆட்டக்காரி. பேச்சுவாக்கில், கைப்பேசியில் தான் பார்த்த அமெரிக்கக் கால்பந்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். "அங்கே 'குவார்ட்டர்பேக்' என்று ஒருத்தர் இருக்கிறார், அக்கா. கல்லூரிப் பையன்தான். ஆனால் ராஜா மாதிரி!"

அந்தப் பெண் மிகைப்படுத்தவில்லை. அமெரிக்கர்கள் 'புட்பால்' என்று சொல்வது நம் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற, வீசுகிற ஆட்டம். பக்கத்துக்குப் பதினொரு பேர். பெரும்பாலும் பந்து முதலில் வந்து சேருவது குவார்ட்டர்பேக்கின் கையில்தான். ஓடுவதா, வீசுவதா, யாருக்கு வீசுவது என்று சில விநாடிகளுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். எதிரிகளோ அவரைச் சாய்த்துவிடப் பாய்ந்து வந்துகொண்டிருப்பார்கள்! மிச்சிகன் பல்கலைக் கழகத்தின் மைதானத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் உட்கார்ந்து பார்க்கலாம். கல்லூரியில் சோபித்தவர்களைத் தொழில்முறைக் கோஷ்டிகள் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். அங்கே கல்லூரி மைதானமே பிழைப்புக்கு ஏணி.

இதை நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, தலையில் வெள்ளைத் துணி கட்டிய மூதாட்டி ஒருவர் அருகில் வந்தார். "வா ஹெத்தே!" என்றாள் பெண். ஹெத்தே என்றால் படுக மொழியில் பாட்டி. பாட்டி என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார்:

"நீயே சொல்லம்மா. நாள் முழுக்கக் கொழுந்து கிள்ளி இவளைப் படிக்க வைக்கிறோம். பந்து சோறு போடுமா?"

சகோதரிகளே, நியாயமான கேள்வி அல்லவா? சட்டென்று பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. பிறகு ஒரு பெயர் நினைவுக்கு வந்தது. அந்தப் பெயரை உங்களுக்கும் சொல்கிறேன்.

கடலூரில் 1994-ம் ஆண்டு பிறந்தவர் இந்துமதி கதிரேசன். மலைப் பெண்ணல்ல, கடற்கரை ஊர்ப் பெண். 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி அலை புகுந்து சூறையாடிய மாவட்டம் அது. அப்போது இந்துமதிக்கு வயது பத்து. அதே கடலூர், பின்னாளில் பெண்கள் கால்பந்துக்குப் பெயர் போன ஊராயிற்று என்பது வியப்பல்லவா? அவ்வூர் இந்திரா காந்தி விளையாட்டுக் கழகத்தின் பெண்கள் கோஷ்டி அகில இந்திய மகளிர் லீக் பந்தயத்திலேயே ஆடியிருக்கிறது.

இந்துமதி ஆடுவது நடுக்களத்தில். நம் கால்பந்தில் குவார்ட்டர்பேக் கிடையாது. ஆனால் அந்த வேலைக்கு மிகவும் கிட்டியது இதுதான். பின்னாலிருந்து வரும் பந்தை வாங்கி, தலையை நிமிர்த்திப் பார்த்து, முன்னால் ஓடுகிறவள் காலடிக்கு அனுப்ப வேண்டும். கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிற அத்தையைப் பார்த்திருக்கிறீர்களே! எந்த இலையில் சாதம் இல்லை, எந்தப் பிள்ளை பாயசம் கேட்கிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துகொள்வாள். அந்தக் கண்தான் நடுக்கள ஆட்டக்காரிக்கு வேண்டும்.

2018-ல் தமிழ்நாட்டுப் பெண்கள் கோஷ்டி முதல் முறையாகத் தேசியப் பட்டத்தை வென்றது. இறுதியில் தோற்றது, பல முறை பட்டம் வென்ற மணிப்பூர்! அடுத்த ஆண்டு மார்ச்சில் நேபாளத்து விராட்நகரில் தெற்காசியப் பெண்கள் பந்தயம். அரை இறுதியில் வங்கதேசத்தை இந்தியா 4-0 என்று வென்றது. அந்த நாலில் இரண்டு இந்துமதி அடித்தவை. இறுதியில் நேபாளத்தை 3-1 என்று வென்று கோப்பையுடன் திரும்பினார்கள். அதே 2019 மே மாதத்தில், மதுரை சேது கோஷ்டி இந்திய மகளிர் லீக் பட்டத்தைத் தட்டிக்கொண்டு வந்தது. அதிலும் இந்துமதி உண்டு.

சரி, சோறு? அதற்கும் வருகிறேன். இந்துமதி தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். 2020-ல் கொரோனாவுக்காக ஊரடங்கு போட்டு நாமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோமே, அப்போது அவர் சென்னை அண்ணா நகரில் முகமூடி அணிந்து தெருவில் காவல் நின்றார். மைதானங்கள் மூடிக் கிடந்தன. பந்தைத் தொட்ட கால்கள் வெயிலில் கால்கடுக்க நின்றன.

வெற்றிகளை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது கதை, வாழ்க்கை ஆகாது. 2022 ஜனவரியில் ஆசியக் கோப்பைப் பந்தயம் நம் நாட்டிலேயே நடந்தது. நன்றாக ஆடினால் உலகக் கோப்பைக்கே வழி திறக்கும். இந்துமதியும் இந்திய அணியில் இருந்தார். முதல் ஆட்டம் ஈரானுடன்; கோல் இல்லாமல் சமமாக முடிந்தது. அடுத்து, 23-ந் தேதி சீனத் தைபேயுடன் ஆட்டம். ஆனால் அதற்குள் அணியில் பலருக்குக் கொரோனா! களத்தில் இறக்கப் போதிய ஆட்டக்காரிகள் இல்லை. விதிப்படி இந்தியா பந்தயத்திலிருந்தே விலகியதாக அறிவித்தார்கள். ஈரானுடன் ஆடிய ஆட்டமும் கணக்கிலிருந்து நீங்கியது. தோற்றிருந்தாலாவது அழலாம், ஆடாமலே முடிந்தால் எதைச் சொல்லி அழுவது?

ஆனாலும் அத்துடன் முடிந்துவிடவில்லை. 2023-ல் தமிழ்நாடு மீண்டும் தேசியப் பட்டம் வென்றது. 2025 ஜூலை 5-ந் தேதி தாய்லாந்து நாட்டின் சியாங் மாயில், இந்தியப் பெண்கள் தாய்லாந்தை 2-1 என்று வென்று 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். தகுதிப் பந்தயம் ஆடி, சொந்தப் பலத்தில் அந்த வாசலுக்குள் நுழைந்தது அதுவே முதல் தடவை. 2022-ல் மூடிய கதவை அடுத்து வந்த பெண்கள் தள்ளித் திறந்துவிட்டார்கள்.

பெண்களுக்குப் பந்து எதற்கு என்று கேட்டது நம் பாட்டி மட்டுமல்ல. கால்பந்தின் தாயகமாகிய இங்கிலாந்தில், 1920 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் லிவர்பூல் நகரில் பெண்கள் ஆடிய ஆட்டத்துக்கு 53,000 பேர் கூடினார்கள். மறு வருஷமே அங்குள்ள கால்பந்துச் சங்கம், இந்த விளையாட்டு பெண்களுக்கு ஏற்றதல்ல என்று சொல்லித் தன் மைதானங்களை அவர்களுக்கு மூடிவிட்டது. மறுபடி திறக்க ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஆயிற்று! துரைமார் வீட்டிலேயே அப்படி என்றால், நம் பாட்டியை மட்டும் குறை சொல்லலாமா?

இதையெல்லாம் கட்டபெட்டு பஸ் நிறுத்தத்தில் என்னால் ஆன மட்டும் பாட்டிக்குச் சொன்னேன். ஆடுகிற எல்லாப் பெண்களுக்கும் உத்தியோகம் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை, அது பொய். அமெரிக்காவிலும் கல்லூரி குவார்ட்டர்பேக்குகளில் மிகச் சிலருக்குத்தான் பந்து பிழைப்பாகிறது. மற்றவர்களுக்குப் படிப்புத்தான் துணை. "படிப்பையும் விட வேண்டாம், பந்தையும் விட வேண்டாம்" என்றேன்.

பாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு பேத்தியிடம் திரும்பி, "அந்தப் பெண் போலீஸ் அதிகாரியா?" என்று கேட்டார்.

"ஆமாம், ஹெத்தே."

"பந்தும் ஆடுகிறாளா?"

"ஆமாம்."

"அப்படியானால் இருட்டுவதற்குள் ஆடிவிட்டு வா. பனி இறங்குகிறது, தலையில் துணி கட்டிக்கொள்."

என் பஸ் வந்துவிட்டது. ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன். தலையில் கம்பளித் துணியைச் சுற்றிக்கொண்டு, பந்தைப் பள்ளத்தில் விழாமல் காலால் அணைத்தபடி, அந்தப் பெண் மூடுபனிக்குள் ஓடிக்கொண்டிருந்தாள். பாட்டி, உள்ளே போகாமல், அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.