பேரன் வெட்டும் மரம்: பின்லாந்தின் காட்டு விவசாயம்

பின்லாந்து நாட்டின் நிலப்பரப்பில் நான்கில் மூன்று பங்கு காடு. பைன், ஸ்புரூஸ், பிர்ச் என்று மூன்று மரங்களே பெரும்பாலும் நிற்கும். பார்ப்பவர் கண்ணுக்கு மனிதக் கை படாத வனம். ஆனால் அதில் பாதிக்கு மேல் குடும்பங்களின் சொந்த நிலம். சுமார் 55 லட்சம் பேர் உள்ள நாட்டில் 6 லட்சம் பேருக்குக் காடு இருக்கிறது. ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக 30 ஹெக்டேர், அதாவது 75 ஏக்கர்.

முன்னோர் இந்தக் காட்டை வெட்டித்தான் பிழைத்தார்கள். கிழக்குப் பகுதியில் மரத்தைச் சாய்த்து, காயவிட்டு, தீ வைத்து, அந்தச் சாம்பலில் ரை தானியம் விதைத்தார்கள். சில வெள்ளாமையில் சத்து தீர்ந்ததும் வேறு இடம். வடக்கே கைனூ பகுதியில் தார் காய்ச்சினார்கள். பைன் மரத்தின் பட்டையைச் சில ஆண்டுகள் சிறிது சிறிதாக உரித்துவிட்டால் மரம் பிசினை ஊற வைக்கும். பிறகு வெட்டி, குவித்து மூடி, புகைய விட்டால் தார் வடியும். பீப்பாய்களை நீண்ட படகுகளில் ஏற்றி ஆற்று வழியே ஊலூ துறைமுகத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் காலத்து மரக்கப்பல்களுக்கு அது இல்லாமல் முடியாது.

காடு மெலியத் தொடங்கியதும் சட்டம் வந்தது. 1886-இல் முதல் கட்டுப்பாடு; 1928-இல் தனியார் காடுகளுக்கான சட்டம். வெட்டலாம், ஆனால் வெட்டிய இடத்தில் மறுபடி காடு எழ வேண்டும். இன்றும் வெட்டும் முன் அரசின் காட்டு மையத்துக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். இந்த ஒரு விதிதான் அந்த நாட்டைக் காப்பாற்றியது என்று சொல்லலாம்.

வேலைமுறை நம் விவசாயிகளுக்குப் புரியும். நட்ட கன்று 30 வயதை ஒட்டி முதல் களைப்பு வெட்டுக்கு வரும். வளைந்ததும் நெருக்கியதும் காகிதக் கூழுக்குப் போகும். நேராக நிற்பது வளரும். தெற்கில் 60 முதல் 80 ஆண்டில் கடைசி வெட்டு. லாப்லாந்தில் 100 ஆண்டையும் தாண்டும். நம் சவுக்கு 4 ஆண்டில் காசாகிறது. அங்கே தாத்தா நட்டதைப் பேரன் விற்கிறான். பெரும்பாலும் மரத்தை நின்ற நிலையிலேயே விலை பேசுகிறார்கள். வெட்டுவதும் இழுப்பதும் வாங்குபவர் பாடு. அறுப்பு மரத்துக்குக் கூழ் மரத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் விலை. அதனால்தான் களைப்பில் அத்தனை கவனம். டிராக்டர் வாங்கவும், உடன்பிறந்தவர் பங்கைத் தீர்க்கவும் காட்டில் ஒரு துண்டு வெட்டப்படும்.

முன்பு கோடையில் வயல், பனிக்காலத்தில் குதிரையோடு காடு என்று ஆண்டு முழுதும் வேலை இருந்தது. பனி உருகும்போது மரங்களை ஆற்றில் மிதக்கவிட்டார்கள். இப்போது இயந்திரம் வந்துவிட்டது. ஆனாலும் சதுப்பு நிலத்தில் மண் உறைந்தால்தான் இயந்திரம் இறங்கும். பனி குறைந்த ஆண்டில் வெட்டு தள்ளிப்போகிறது.

சொந்தக் காடு என்றாலும் அங்கே வேலி கிடையாது. யார் காட்டிலும் யாரும் நடக்கலாம், பெர்ரிப் பழமும் காளானும் பறிக்கலாம். பறித்த காட்டுப் பழத்தை விற்ற காசுக்கு வருமான வரியும் இல்லை.

குறையும் உண்டு. கூடுதல் மரத்துக்கு ஆசைப்பட்டு, முக்கியமாக 1960, 70-களில், சதுப்பு நிலங்களில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தார்கள். மொத்தம் சுமார் 50 லட்சம் ஹெக்டேர். மரம் வளர்ந்தது உண்மை. நாட்டின் ஆண்டு மர வளர்ச்சி 1970-களில் இருந்ததைவிட இரு மடங்கை நெருங்கியது. அதே வாய்க்கால்கள் வண்டலையும் சத்தையும் ஏரிகளில் கொண்டுபோய்ச் சேர்த்தன. வடகோடியில் சாமி இன மக்கள் பனிமான் மேய்க்கிறார்கள். பனிக்காலத்தில் பனிமானுக்கு இரை, தரையிலும் முதிர்ந்த மரங்களிலும் படரும் பாசி போன்ற லைக்கன். முதிர்ந்த காட்டை வெட்டினால் அந்தத் தீனி திரும்பப் பல பத்தாண்டுகள் ஆகும். இனாரி பகுதியில் அரசு வெட்டுக்கும் மேய்ப்பர்களுக்கும் பெரிய தகராறே நடந்தது.

2014-இல் சட்டத்தைத் தளர்த்தி, காட்டை மொட்டையடிக்காமல் பெரிய மரங்களை மட்டும் பொறுக்கி எடுக்கும் முறைக்கும் வழிவிட்டார்கள். சதுப்பு நிலத்தில் பலர் அதை முயல்கிறார்கள். மீதி மரங்களே ஈரத்தை உறிஞ்சுவதால் வாய்க்காலைத் திரும்பத் தோண்டும் செலவு குறையும்.

இப்போது அங்குள்ள கவலை வாரிசு. காட்டுக்காரரின் சராசரி வயது 60-ஐ ஒட்டி இருக்கிறது. பிள்ளைகள் நகரத்தில். நாலு பேருக்குப் பங்கு பிரித்தால் எந்தத் துண்டும் பராமரிக்கத் தோதாக இராது. அதனால் நிலத்தைத் துண்டாக்காமல் பொதுக்காடாகப் பதிவு செய்து, ஒவ்வொருவரும் பங்கு மட்டும் வைத்துக்கொள்ளும் ஏற்பாடும் அங்கே உண்டு. வெட்டும் நடவும் ஒரே திட்டத்தில் நடக்கும். வரும் பணம் பங்குப்படி பிரியும்.