முழங்காலுக்கு ஒரு நாற்றங்கால்

திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையின் நீளம் 14 கிலோமீட்டர். பௌர்ணமி இரவில் அங்கே நின்று பார்த்தால், பாதி வழியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும் பெரியவர்கள் பலரைக் காணலாம். 'எலும்பு தேய்ந்துவிட்டது' என்பார்கள். பெரும்பாலும் முதலில் தேய்வது எலும்பன்று. எலும்பின் முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பே ஆகும்.

சில மில்லிமீட்டர் கனமே உள்ள வழவழப்பான போர்வை அது. அதன் எடையில் பெரும்பகுதி நீர். கையில் காயம் பட்டால், பழுது பார்க்கும் செல்களை இரத்தம் கொண்டுவந்து சேர்க்கிறது. குருத்தெலும்பிலோ இரத்தக் குழாயே கிடையாது. நரம்பும் இல்லாததால் தொடக்கத்தில் வலியும் தெரிவதில்லை. சிதைந்த குருத்தெலும்பு மீள்வதில்லை என்று வில்லியம் ஹன்டர் என்ற மருத்துவர் 1743-இலேயே எழுதினார்.

தானாக வளராததை வெளியே வளர்த்து நட்டால் என்ன? நாற்று விட்டுப் பிடுங்கி நடும் நமக்கு இது புதிய யோசனையன்று. சுவீடனில் கோத்தன்பர்க் நகர மருத்துவர்கள் இதைச் செய்து காட்டினார்கள். முழங்காலில் உடல் எடை அதிகம் தாங்காத ஓரிடத்தில் சிறு துணுக்கு எடுத்து, நொதியால் கரைத்து, செல்களைப் பிரித்தனர். அவற்றைச் சில வாரங்கள் ஊட்டக் கரைசலில் பெருக்கி, பழுதான குழியில் இட்டு, எலும்பு உறையால் மூடித் தைத்தனர். 1994-இல் வெளியான அவர்களது அறிக்கையில் நோயாளிகள் 23 பேர். தொடை எலும்பின் முனையில் செல்களைப் பெற்ற 16 பேரில் 14 பேருக்கு நல்ல பலன். முழங்கால் சில்லில் பெற்ற 7 பேரில் இருவருக்கு மட்டுமே.

ஒரு சிக்கல் உண்டு. தட்டையான கண்ணாடித் தட்டில் பெருகப் பெருக, இச்செல்கள் தம் இயல்பை மறந்துவிடுகின்றன. குருத்தெலும்புக்குரிய கொலாஜனை விட்டுவிட்டுத் தழும்புத் திசுவில் காணப்படும் வகையை உண்டாக்கத் தொடங்குகின்றன. நாற்று நெல்லாக இராமல் புல்லாகிவிட்டாற்போல!

இச்சிக்கலை ஆராய்வோர் திருவண்ணாமலைக்கு வடக்கே, வேலூரிலேயே இருக்கிறார்கள். கிறித்துவ மருத்துவக் கல்லூரியில், முழங்கால் மாற்று அறுவையின்போது வெட்டி எறியப்படும் குருத்தெலும்பிலிருந்து ஒருவகை முன்னோடிச் செல்களைப் பிரித்தெடுக்கின்றனர். ஃபைப்ரோநெக்டின் என்னும் புரதம் பூசிய தட்டில் இவை விரைந்து ஒட்டிக்கொள்ளும். அதுவே இவற்றைப் பிரிக்கும் வழி. தேய்ந்த மூட்டிலும் இத்தகைய செல்கள் எஞ்சியிருப்பது வியப்புத்தான். விலங்குகளிடமும் இவற்றைச் சோதித்திருக்கிறார்கள்.

செல்களைப் பெருக்கி நடும் முறைக்கு இந்தியாவில் 2017-இல் அனுமதி கிடைத்தது. ஆனால் விளையாட்டிலோ விபத்திலோ ஓரிடத்தில் மட்டும் குழி விழுந்த, வயது குறைந்தோரின் மூட்டுக்கே அது பொருந்தும். மூட்டு முழுவதும் தேய்ந்த முதியவருக்கு அன்று. குழியைச் சுற்றி நல்ல வரப்பு இருந்தால்தானே நாற்று நிற்கும்? 'ஒரே ஊசியில் முழங்கால் புதிதாகும்' என்னும் விளம்பரத்தைக் கண்டு நிலத்தை விற்கப் புறப்படுவோர் இதைத்தான் முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும். செல்களை நட்ட பிறகும் சில வாரங்கள் ஊன்றுகோல் தேவை. ஓடியாட ஓராண்டுகூட ஆகலாம்.