மகன் பஃபலோவில், காப்புறுதி ஸ்காபரோவில்

ஒன்ராறியோவில் எடுத்த வாகனக் காப்புறுதி அமெரிக்காவிலும் செல்லும். இதை நான் சொல்லி முடிப்பதற்குள் "அது போதும் அக்கா" என்று பெற்றோர் பலர் போனை வைக்கப் பார்க்கிறார்கள். நான் விடுவதில்லை. "மகன் அங்கை போட்டு வாறாரோ, அங்கை இருந்து படிக்கப் போறாரோ?" என்று கேட்பேன். இரண்டுக்கும் ஒரே பத்திரம்தான், ஆனால் ஒரே பாதுகாப்பு இல்லை.

ஸ்காபரோவில் காப்புறுதித் தரகராக வேலை செய்கிறேன். ஓகஸ்ட் பிறந்தால் பஃபலோ, டிட்ரொயிட், பொஸ்ரன் என்று படிக்கப் போகும் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் அழைக்கத் தொடங்குவார்கள். ஐ-20 என்ற மாணவர் படிவம், விடுதி, பல்கலைக்கழகத்தின் மருத்துவக் காப்புறுதி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கோப்பு வைத்திருப்பார்கள். கார் மட்டும் கடைசிக் கிழமையில்தான் ஞாபகம் வரும். "வீட்டிலை சும்மா நிக்கிற சிவிக்தானே, கொண்டு போகட்டும்" என்பார்கள். ரொறன்ரோவிலிருந்து பஃபலோ இரண்டு மணி நேர ஓட்டம். பீஸ் பாலத்தைத் தாண்டினால் வந்துவிட்டது. கிங்ஸ்ரனுக்குப் படிக்கப் போவதைவிடக் கிட்ட. அதனால்தான் இது இன்னொரு நாடு என்ற எண்ணமே பலருக்கு எழுவதில்லை.

காப்புறுதிக் கம்பனி உங்கள் காருக்கு விலை போடும்போது முக்கியமாக இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. கார் இரவில் எங்கே நிற்கிறது? அதை வழக்கமாக ஓட்டுபவர் யார்? தபால் குறியீடு மாறினாலே கட்டணம் மாறும் என்பது ஸ்காபரோவிலும் பிரம்ரனிலும் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பத்திரத்தில் தகப்பன் பிரதான சாரதி, மகன் எப்போதாவது ஓட்டுபவர், கார் நிற்பது மோர்னிங்சைட் வீதிப் பக்கம் என்று இருக்கும். செப்டெம்பரில் இந்த மூன்றுமே பொய்யாகிவிடுகின்றன. மகன்தான் ஒரே சாரதி. கார் எட்டு மாதம் பஃபலோவை அடுத்த அம்ஹெர்ஸ்ற்றில் ஒரு வாடகை வீட்டு முற்றத்தில் பனி மூடி நிற்கும்.

ஒன்ராறியோவின் ஒவ்வொரு வாகனக் காப்புறுதியிலும் சட்டமே எழுதிச் சேர்த்த நிபந்தனைகள் உண்டு. அவற்றில் முதலாவது, ஆபத்தின் தன்மையை மாற்றக்கூடிய எந்த மாற்றத்தையும் காப்புறுதி எடுத்தவர் தாமதமின்றி எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பது. அறிவிக்காவிட்டால் காப்புறுதிச் சட்டத்தின் 233ஆம் பிரிவு குறுக்கே வரும். ஒப்பந்த நிபந்தனையை மீறியவரின் கோரிக்கையை மறுக்கக் கம்பனிக்கு அது வழி கொடுக்கிறது. விபத்தில் காயப்பட்ட மற்றவரைச் சட்டம் முழுக்கக் கைவிடாது. குறைந்தபட்ச எல்லையான 200,000 டொலர் வரை அவருக்குக் கம்பனி கொடுக்க நேரிடும். ஆனால் கொடுத்த பணத்தைப் பத்திரம் வைத்திருப்பவரிடம் திருப்பிக் கேட்கலாம்.

இது ஏட்டிலே மட்டும் இருக்கும் சட்டம் அல்ல. வேறொரு இடத்தில் காப்புறுதி எடுத்திருந்த ஒரு குடும்பம், எல்லாம் நடந்து முடிந்த பிறகு என்னிடம் வந்தது. பெப்ரவரி மாதம், ஷெரிடன் டிரைவில் சிவப்பு விளக்குக்கு நின்ற காரின் பின்னால் மகனின் கார் பனியில் சறுக்கி மோதியிருக்கிறது. விசாரித்த அட்ஜஸ்ரர் கேட்டது சின்னச் சின்ன விஷயங்கள்: வாடகை ஒப்பந்தம், வளாகத்தில் கார் நிறுத்தும் அனுமதி, கடைசியாக எண்ணெய் மாற்றிய கராஜின் ரசீது. எல்லாவற்றிலும் பஃபலோ விலாசம். சிவிக்கைத் திருத்தும் செலவைக் கம்பனி தர மறுத்தது. மற்றக் காரில் இருந்தவருக்குக் கொடுத்த பணத்தைக் கேட்டுத் தகப்பனுக்குக் கடிதம் வந்தது. அந்த மனிதர் இருபது வருடத்துக்கு மேல் ஒரு கிளெய்மும் இல்லாமல் கட்டணம் கட்டி வந்தவர். கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டு, "நான் ஒருத்தரையும் ஏமாத்தேல்லைத் தங்கச்சி" என்றார். அது உண்மை. அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நான் இதை எழுதுவதே அவரைப் போன்றவர்களுக்காகத்தான்.

சொன்னால் என்ன ஆகும்? கம்பனிக்குக் கம்பனி மாறும். பிள்ளை இன்னும் பெற்றோரின் ஆதரவில் இருப்பவர், நிரந்தர வீடு ஒன்ராறியோவில், காரும் இங்கேதான் பதிவு, விடுமுறைக்குத் திரும்பி வருவார் என்றால், படிப்புக் காலத்துக்குச் சில கம்பனிகள் சம்மதிக்கும். கட்டணம் கூடலாம். சில கம்பனிகள் இத்தனை மாதத்துக்கு மேல் இயலாது என்று கைவிரிக்கும். எந்தப் பதிலானாலும் எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் கம்பனி ஊழியர் ஒருவர் "ஓகே" என்று சொன்னதை நம்பி எல்லை தாண்டாதீர்கள். மின்னஞ்சலில் நான்கு வரி போதும்: எந்தப் பல்கலைக்கழகம், கார் நிற்கப்போகும் விலாசம், யார் ஓட்டுவது, எப்போதிலிருந்து எப்போது வரை.

சம்மதம் கிடைத்த பிறகு பத்திரத்தின் உள்ளே பார்க்க வேண்டும். பெற்றோர் பெரும்பாலும் தொடாத இடம் அதுதான்.

ஒன்ராறியோவில் மூன்றாம் தரப்புப் பொறுப்புக் காப்புறுதி 200,000 டொலருக்குக் குறையக்கூடாது. நம்மவர்கள் வழக்கமாக எடுப்பது 10 இலட்சம். அமெரிக்காவில் ஓடும் காருக்கு 20 இலட்சம் எடுங்கள் என்று நான் வற்புறுத்துவேன். காய வழக்குகளில் அங்கே ஜூரிகள் விதிக்கும் தொகை பெரிது. பத்திரத்தில் இருப்பதோ கனடிய டொலர். கூடுதல் எல்லைக்கான கட்டண வித்தியாசம், பெற்றோர் பயப்படும் அளவுக்கு இருப்பதில்லை.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஓபிசிஎஃப் 44ஆர் என்ற இணைப்பு. குடும்பப் பாதுகாப்பு என்று அதற்குப் பெயர். உங்கள் பிள்ளை தவறு செய்யவில்லை, எதிரே வந்தவர்தான் மோதினார் என்று வையுங்கள். அவரிடம் எவ்வளவு காப்புறுதி இருக்கும்? நியூயோர்க் மாநிலத்தில் ஒருவரின் காயத்துக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் 25,000 டொலர். பென்சில்வேனியாவில் 15,000. முள்ளந்தண்டு காயப்பட்ட ஓர் இருபது வயதுப் பிள்ளையின் மீதி வாழ்க்கைக்கு 25,000 டொலர்! 44ஆர் இருந்தால், மோதியவரின் காப்புறுதி தீர்ந்த இடத்திலிருந்து உங்கள் சொந்தப் பொறுப்பு எல்லை வரைக்கும் உங்கள் கம்பனியிடம் கேட்கலாம். பிள்ளை அந்தக் காருக்குள் இருந்தாலும் சரி, வீதியைக் கடந்தாலும் சரி, பெற்றோரில் தங்கியிருக்கும் உறவினர் என்ற முறையில் அவருக்கும் அது பொருந்தும். உங்கள் எல்லை 20 இலட்சமாக இருப்பது இங்கே உங்கள் பிள்ளைக்கே உதவுகிறது. பணம் மிச்சம் பிடிக்க இதை வெட்டச் சொல்பவர்களோடு நான் நெடுநேரம் வாதாடுவேன். வேறு எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள்.

அடுத்தது காரின் சேதம். ஒன்ராறியோவுக்குள் மற்றவர் பிழையால் உங்கள் கார் நொறுங்கினால் உங்கள் கம்பனியே நேரடியாகத் திருத்தித் தரும். அது இங்கே நடக்கும் விபத்துக்கான ஏற்பாடு. பஃபலோவில் அது வேலை செய்யாது. அங்கே மோதியவரின் அமெரிக்கக் கம்பனியைத்தான் துரத்த வேண்டும். நியூயோர்க்கில் சொத்துச் சேதத்துக்கான குறைந்தபட்ச எல்லை 10,000 டொலர். பழைய கார் என்று மோதல் காப்புறுதியை வெட்டி, நம்மவர்கள் "வன் வே" என்று சொல்லும் நிலையில் வைத்திருந்தால், மோதியவர் தப்பி ஓடினாலும் மறுத்தாலும் செலவு உங்களுடையது.

மருத்துவச் செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒன்ராறியோவின் விபத்து நலன்கள் அமெரிக்காவுக்கும் கூட வரும். ஆனால் மிகப் பாரதூரமல்லாத காயங்களுக்கு மருத்துவம், புனர்வாழ்வு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து 65,000 டொலர்தான் அடிப்படை எல்லை. மாகாண மருத்துவக் காப்புறுதியான ஓஹிப், வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் தங்கும் அவசர சிகிச்சைக்கு நாளொன்றுக்கு அதிகபட்சம் 400 டொலர் தருகிறது. அமெரிக்க ஆஸ்பத்திரிக் கட்டணத்துக்கு முன்னால் இரண்டும் சீக்கிரம் கரைந்துவிடும். பல்கலைக்கழக மருத்துவக் காப்புறுதி வாகன விபத்தையும் சேர்க்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிள்ளையை அனுப்புங்கள்.

மிச்சிகனுக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வின்சரில் வீட்டில் இருந்துகொண்டு அம்பாசடர் பாலத்தாலோ சுரங்கத்தாலோ தினமும் டிட்ரொயிட்டுக்குப் படிக்கப் போய்வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கார் இரவில் ஒன்ராறியோவில்தான் நிற்கிறது, ஆகவே பிரச்சினை இல்லை என்று தோன்றும். ஆனால் வெளியூர்ப் பதிவுக் கார் ஒன்று ஒரு காலண்டர் வருடத்தில் மொத்தம் 30 நாட்களுக்கு மேல் மிச்சிகன் வீதிகளில் ஓடினால், அந்த மாநிலத்தின் தவறு பாராக் காப்புறுதிச் சட்டம் கேட்கும் பாதுகாப்பு அதற்கு இருந்தாக வேண்டும். இல்லாமல் ஓட்டுவது குற்றம். காயப்பட்டாலும் காரின் சொந்தக்காரர் நட்டஈடு கேட்கும் உரிமையை இழக்கக்கூடும். செப்டெம்பரில் வகுப்பு தொடங்கினால் ஒக்ரோபர் நடுப்பகுதிக்குள் அந்த 30 நாள் முடிந்துவிடும். மிச்சிகன் அரசிடம் இதற்கான சான்றை உங்கள் கம்பனி பதிந்து வைத்திருக்கிறதா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

இலக்கத் தகட்டைப் பற்றியும் குழப்பம் உண்டு. படிக்க வந்த மாணவரை நியூயோர்க் பொதுவாக அங்கே குடியேறியவராக எடுப்பதில்லை. ஆகவே ஒன்ராறியோத் தகட்டோடு ஓட்டலாம். மசச்சூசெற்ஸில் அப்படி ஓட்ட வேண்டுமானால், வெளியூர் மாணவர் என்ற அறிக்கையை வருடா வருடம் உள்ளூர்ப் பொலிஸில் கொடுக்க வேண்டும். தவறினால் தண்டப் பணம். அமெரிக்கச் சுங்கமோ, அங்கே வதியாத ஒருவர் தன் பாவனைக்குக் கொண்டுவரும் காரை ஒரு வருடம் வரைதான் வரியின்றி அனுமதிக்கிறது. நான்கு வருடப் படிப்பு முழுக்கக் காரை அங்கேயே விட்டுவைக்கலாம் என்ற கணக்கு இந்த இடத்தில் இடிக்கும்.

அங்கேயே பதிந்து அங்கேயே காப்புறுதி எடுப்பது இன்னொரு வழி. தகடும் காப்புறுதியும் சேர்ந்தே மாற வேண்டும். நியூயோர்க் தகடு போட்ட காருக்கு நியூயோர்க்கில் வழங்கிய காப்புறுதி மட்டுமே செல்லும். இருபது வயதுப் பிள்ளைக்குச் சொந்தப் பெயரில் அது மலிவாக இருக்காது. அந்தக் காரில் நத்தாருக்கு ஸ்காபரோ வருவதற்கு முன், கனடிய எல்லைச் சேவையிடம் இறக்குமதி விதிகளைக் கேட்டுக்கொள்ளவும் வேண்டும்.

எதிர்த் திசையிலும் கேள்விகள் வரும். நியூஜெர்சியில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அக்காவின் மகள் மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகத்துக்குக் காரோடு வந்தபோது, முதலில் நான் சொன்னது மஞ்சள் அட்டையைப் பற்றித்தான். கனடாவில் ஓட்டும் அமெரிக்கர்களுக்கு அவர்களின் கம்பனி கொடுக்கும் அட்டை அது. இங்கே நாம் இளஞ்சிவப்பு அட்டை காட்டுவதைப் போல அவர்கள் அதைக் காட்டலாம். கியூபெக்கில் 1978 முதல் உடற்காயத்துக்கான நட்டஈட்டை அரசே பார்க்கிறது. அதற்காக ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போட முடியாது. ஆனால் வெளியூர்ப் பதிவுக் காரை ஓட்டும் வெளியூர்வாசிக்கு, விபத்தில் அவருடைய பிழையின் பங்கைக் கழித்துத்தான் அந்த நட்டஈடு கிடைக்கும். முழுப் பிழையும் அவளுடையதானால் அவளுக்கு ஒன்றும் இல்லை. பெற்றோரின் நியூஜெர்சிக் காப்புறுதியில் தன் சொந்தக் காயத்துக்கான பகுதி கனடாவிலும் செல்லுமா என்று எழுத்தில் கேட்கச் சொன்னேன். கேட்டாள்.

இவ்வளவையும் கேட்ட பிறகு சில தகப்பன்மார், "அப்ப கார் இங்கையே நிக்கட்டும்" என்பார்கள். பல குடும்பங்களுக்கு அதுவே நல்ல முடிவு என்பது என் அபிப்பிராயம். வீட்டிலிருந்து 100 கிலோமீற்றருக்கு அப்பால் காரில்லாமல் தங்கிப் படிக்கும் பிள்ளைக்குப் பல கம்பனிகள் கட்டணத்தில் கழிவு கொடுக்கின்றன. பிள்ளையின் பெயர் பத்திரத்தில் தொடர்ந்து இருக்கும், விடுமுறைக்கு வரும்போது ஓட்டலாம், காப்புறுதி வரலாறும் அறுந்துபோகாது.

கொண்டு போகிறவர்களிடம் சொல்ல இன்னும் சில விஷயங்கள் உண்டு. அறை நண்பருக்குக் காரைக் கொடுத்தால் அவர் செய்யும் விபத்து உங்கள் பத்திரத்தில்தான் ஏறும். அந்தக் காரில் சாப்பாடு விநியோகம் செய்தால் சாதாரணத் தனிப்பட்ட காப்புறுதி கை கொடுக்காது. மாணவர் அனுமதிக்கும் அதனால் ஆபத்து வரலாம். விபத்து நடந்தால் சிறிதோ பெரிதோ, ஏழு நாட்களுக்குள் ஒன்ராறியோக் கம்பனிக்கு அறிவியுங்கள். படிப்பு முடித்துத் திரும்பும்போது, அங்கே காப்புறுதி எடுத்திருந்தால், எத்தனை வருடம் வைத்திருந்தீர்கள், கிளெய்ம் ஏதும் உண்டா என்று அந்தக் கம்பனியிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். இங்கே புதிய பத்திரம் எழுதும்போது நான் முதலில் கேட்பது அந்தக் கடிதத்தைத்தான். அது இல்லாவிட்டால், நான்கு வருடம் ஒழுங்காக ஓட்டிய பிள்ளைக்கும் நேற்று லைசென்ஸ் எடுத்தவரின் கட்டணம் வந்துவிடலாம்.